தாழ்ச்சி தியானம்: ஏற்காட்டில் மூன்று நாள், சேலத்தில் முப்பது நாள்

தியானம் என்றதும் நம் கத்தோலிக்கப் பங்குகளில் பலருக்கு நினைவுக்கு வருவது பந்தல், ஒலிபெருக்கி, கைதட்டிப் பாடும் பாடல், குணமளிக்கும் செபம். அதற்கு அதன் பலன் உண்டு. இங்கே சொல்லப்போவது வேறு வகை: பேச்சை நிறுத்தி, இறைவார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பொருளோடு மூன்று நாள் ஆண்டவர் முன் இருப்பது. அந்தப் பொருள் தாழ்ச்சி. அதுவும் மடத்துக்குரிய தாழ்ச்சி அல்ல. பட்டறையில், அடுப்படியில், பேருந்தில் வாழவேண்டியது. இதற்கு அமைதித் தியானம்தான் பொருத்தம். செருக்கு பேச்சில்தான் வளர்கிறது, பேச்சுக்குள்தான் ஒளிந்தும் கொள்கிறது. வாயை மூடி ஒரு நாள் கடந்த பிறகே, எதையெல்லாம் சொல்லி நம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறோம் என்பது நமக்கே தெரிய ஆரம்பிக்கும்.

எப்போது போவது, என்ன கேட்பது

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். துறவற சபைகள் இங்கே நூறாண்டுக்கு மேலாக வேரூன்றியிருக்கின்றன. புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ஃபோர்ட் பள்ளியே 1917இல் தொடங்கியது. ஆனால் சபை இல்லங்கள் எல்லாம் வெளியாருக்குத் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். தங்கள் சபையினரின் ஆண்டுத் தியானம் நடக்கும் வாரங்களில் பொதுநிலையினருக்கு (குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கு) அறை தர முடியாது. எனவே இரண்டு மாதம் முன்பே பங்குத்தந்தை வழியாகக் கேளுங்கள். அவருடைய கடிதம் இருந்தால் வேலை எளிது.

மே மாதத்தைத் தவிருங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது மலைப்பாதை முழுக்க வண்டிதான். மற்ற மாதங்களிலும் சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் இருக்கும். விடுப்பு கிடைக்குமானால் திங்கள் மாலை ஏறி வியாழன் மதியம் இறங்குவதே நல்லது. தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலம்) முதல் வாரங்கள் மிகப் பொருத்தம்: மழை இருக்காது, குளிரும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டமும் மழையும் சேர்ந்து வெளியே நடக்க விடாது.

இல்லத்தாரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: அதே நாளில் வேறு குழு வருகிறதா (வந்தால் அமைதி போச்சு), தனியறை உண்டா, நற்கருணைச் சிற்றாலயம் இரவிலும் திறந்திருக்குமா, தினமும் திருப்பலி எத்தனை மணிக்கு, ஒரு நாளில் அரைமணி நேரம் தனியாகச் சந்திக்க அருள்தந்தையோ அருள்சகோதரியோ இருப்பார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். உணவும் அறையும் எப்படியும் சமாளிக்கலாம். பேச ஒருவர் இல்லாமல் மூன்று நாள் அமைதி முதல்முறை வருபவருக்குக் கனமாகிவிடும்.

மூட்டையில் என்ன

அச்சிட்ட திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. கைப்பேசியில் உள்ளது வேண்டாம். சிறிய நோட்டு, பேனா. கைக்கடிகாரமும் ஒரு அலாரக் கடிகாரமும்: இவை இல்லாவிட்டால் நேரம் பார்க்கிற சாக்கில் கைப்பேசி மறுபடி கைக்கு வந்துவிடும். ஸ்வெட்டர், சால்வை, குடை, டார்ச், நடக்க நல்ல செருப்பு. அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள் நான்கு நாளுக்குப் பதில் ஆறு நாளுக்கு. வேறு பக்திப் புத்தகங்களைக் கொண்டுபோகாதீர்கள். அமைதி கசக்கத் தொடங்கும் நேரத்தில் புத்தகம் நல்ல மறைவிடம் ஆகிவிடும். நிறைய அறிவது ஆன்மாவை நிறைவாக்குவதில்லை, உள்ளே சுவைத்து உணர்வதே நிறைவாக்குகிறது என்று இயேசு சபையை நிறுவிய லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கக் குறிப்புகளிலேயே சொல்லிவிடுகிறார்.

மலை ஏறும்போது வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, பரோட்டா தின்றும் போகக்கூடாது. இரண்டு இட்லி, முன் இருக்கை, பாதையைப் பார்த்தபடி பயணம்.

கைப்பேசியை இல்லப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, இல்லத்தின் எண்ணை வீட்டில் கொடுங்கள். கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால் நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசலாம். மதிய உணவுக்குப் பின் பேசுங்கள். இரவில் பேசினால் வீட்டுக் கவலை அப்படியே தலையணைக்கு வந்துவிடும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் மாலை செபம் எதுவும் பெரிதாக வேண்டாம். சேலம் வெயிலிலும் வேலையிலும் களைத்து வந்த உடம்பு அது. 1 அரசர் 19ஆம் அதிகாரத்தில் எலியா சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது வானதூதர் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார், எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னார். அந்த அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை வாசித்துவிட்டு ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள்.

முழு நாட்களில் நான்கு செப வேளைகள் போதும்: காலை 6 மணி, 10 மணி, மாலை 4 மணி, இரவு 8 மணி. ஒவ்வொன்றும் 45 நிமிடம், அதன்பின் 15 நிமிடம் திரும்பிப் பார்ப்பது. திருப்பலி, செபமாலை, உணவு, மதியத்தில் ஒரு மணிநேர ஓய்வு, மாலையில் ஒரு நடை. மீதி நேரத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். ஐந்தாவது, ஆறாவது வேளை சேர்க்கும் ஆசை நல்லவர்களுக்கே அதிகம் வரும். சேர்த்தால் இரண்டாம் நாள் மாலையில் தலைவலியும் எரிச்சலும்தான் மிஞ்சும்.

நடை பற்றி ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் இல்ல வளாகத்தை விட்டு வெளியே தனியாகப் போகாதீர்கள். பகலில் தொலைவில் கண்டாலும் நின்று படம் எடுக்காமல், ஓடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஜன்னலைத் திறந்துபோட்டுச் சிற்றாலயத்துக்குப் போனால் குரங்கு அறையைச் சூறையாடிவிடும்.

45 நிமிடத்தில் என்ன செய்வது

இதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள், யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

எந்த இடத்தில் உட்காரப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நாற்காலியா, பாயா, முழங்காலா என்பது உடம்பைப் பொறுத்தது. நடுவில் இடம் மாறாதீர்கள். உட்காருமுன் ஒரு கணம் நின்று, ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்பதை நினைத்துச் சிலுவை அடையாளம் போடுங்கள். வேண்டிய வரத்தை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: "ஆண்டவரே, நீர் என்னைப் பார்ப்பதுபோல நான் என்னைப் பார்க்கச் செய்யும்."

பகுதியை மெதுவாக இருமுறை வாசியுங்கள், இரண்டாம் முறை முணுமுணுத்து. பகுதி நீளமானால் அதில் பத்து வசனத்தை மட்டும் எடுங்கள். எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள். அது இனித்தாலும் சரி, குத்தினாலும் சரி. அடுத்த வசனத்துக்கு ஓடவேண்டிய கட்டாயம் இல்லை. மனம் அலைந்தால் திட்டிக்கொள்ளாமல் அந்தச் சொல்லுக்கே திரும்புங்கள். நாற்பது முறை அலைந்து நாற்பது முறை திரும்பினால் அதுவும் செபம்தான். கடைசி ஐந்து நிமிடம் ஆண்டவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள், உங்கள் வீட்டுத் தமிழில். "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்லி முடியுங்கள்.

சலிப்பாக இருக்கிறதென்று முன்னதாக எழுந்துவிடாதீர்கள். வறட்சியான நேரத்தில் குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமே இருக்கவேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் அறிவுரை. இரண்டு நிமிடம் கூடுதலாக உட்காருங்கள், போதும்.

பிறகு எழுந்து, இடம் மாறி, நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தச் சொல் நின்றது, உள்ளே என்ன எழுந்தது, எங்கே தப்பி ஓடப் பார்த்தேன். மூன்றாவது வரிதான் அருள்தந்தையைச் சந்திக்கும்போது உதவும்.

எந்தப் பகுதிகள், எந்த வரிசையில்

தாழ்ச்சி தியானத்தைப் பாவத்தில் தொடங்குவது தவறான வரிசை. முதல் நாள் முழுவதும் பெற்றுக்கொண்டதைப் பற்றியே இருக்கட்டும். காலையில் திருப்பாடல் 139, பத்து மணிக்கு 1 கொரிந்தியர் 4:7. பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது என்று பவுல் கேட்கும் கேள்வி அது. நோட்டில் எழுதிப் பாருங்கள்: தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார், முதல் வேலை வாங்கித் தந்தவர் யார், தாயின் எந்த நகை அடகு போய் உங்கள் படிப்புக் கட்டணம் ஆனது. "நானே உழைத்து வந்தேன்" என்று சொல்லிவந்த கதையில் எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்போது தாழ்ச்சி தானாக வரும். அழுகையோடு அல்ல, நன்றியோடு வரும். மாலையில் மரியாவின் பாடல், லூக்கா 1:46-55. வல்லவர் தமக்குப் பெருஞ்செயல்கள் செய்ததை மரியா மறைக்கவில்லை, அவற்றைச் செய்தவர் யார் என்பதையும் மறக்கவில்லை. இரவில் திருப்பாடல் 131, மூன்றே வசனம்.

இரண்டாம் நாள் இயேசுவை மட்டும் பாருங்கள். காலையில் நாசரேத்து, லூக்கா 2:51-52. பகிரங்கப் பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது என்கிறார் லூக்கா. அதற்கு முந்திய ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரு சிற்றூரில், பெற்றோருக்குப் பணிந்து, தச்சுவேலையோடு கழிந்தது. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவருக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவு காயவைப்பவருக்கும் தறியில் உட்காருபவருக்கும் இதைவிட நெருக்கமான நற்செய்திப் பகுதி இல்லை. எங்கள் கருத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டுமே வைத்து மூன்று நாளும் தியானிக்க வேண்டுமென்றால் இதையே எடுக்கலாம். பத்து மணிக்குப் பிலிப்பியர் 2:5-11, கடவுள் வடிவில் இருந்தவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டதைச் சொல்லும் பாடல். மாலையில் பாதம் கழுவுதல், யோவான் 13:1-17. இதில் பேதுருவின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கழுவுவதைவிடக் கழுவப்படுவது கடினம். இரவில் பரிசேயரும் வரிதண்டுபவரும், லூக்கா 18:9-14.

இஞ்ஞாசியாரின் 'இரு கொடிகள்' தியானம் தெரிந்தவர்கள் அதைப் பத்து மணி வேளையோடு சேர்த்துக்கொள்ளலாம். செல்வம், அதிலிருந்து உலகின் மதிப்பு, அதிலிருந்து செருக்கு என்று எதிரி இழுக்கிற படிகள் ஒருபுறம். ஏழ்மை, அவமதிப்பை ஏற்பது, தாழ்ச்சி என்று கிறிஸ்து அழைக்கிற படிகள் மறுபுறம். புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய தம் ஒழுங்கின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வைக்கிறார். மூன்று நாளில் பன்னிரண்டையும் ஏறிவிடப் பார்க்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரே வேளை. லூக்கா 17:7-10: "நாங்கள் பயனற்ற பணியாளர்கள், எங்கள் கடமையைத்தான் செய்தோம்." அதன்பின் தீர்மானம்.

தாழ்ச்சி அல்லாதவை

இதை வழிநடத்துபவர் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது தாழ்ச்சி அல்ல. அதிலும் பார்வை முழுக்க "நான்" மேல்தான். கடவுள் கொடுத்த திறமையை இல்லை என்று மறுப்பது பொய். தாழ்ச்சி உண்மையில் நிற்பது. அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல தாழ்ச்சியைப் பயன்படுத்துவதும், கூலி கேட்கும் தொழிலாளியை அடங்கிப் போகச் சொல்ல அதைப் பயன்படுத்துவதும் நற்செய்திக்கு எதிரானவை. சாதியின் பெயரால் ஒருவரைத் தாழ்த்தி வைத்துவிட்டு அவருக்கே தாழ்ச்சியைப் போதிப்பதும் அதுபோலவே. தாழ்ச்சி மேலே இருப்பவர் கீழே இறங்குவதில் தொடங்குகிறது. பிலிப்பியர் பாடலின் திசையே அதுதான்.

2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் நல்ல எடுத்துக்காட்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், மணமானவர், அரண்மனை அலுவலர், துறவி அல்ல. தம்மைவிடக் கீழாக ஊர் வைத்திருந்தவர்களோடு சமமாகப் பழகினார். அதுவும் சேர்ந்தே அவருக்குப் பகைவர்களை உண்டாக்கியது. 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். தாழ்ச்சி கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்)

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பின் நல்ல நேரம். பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சோதிப்பதோடு, இந்தத் தியானத்துக்கென்று சில கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். என்னைவிட வயதில் மூத்த தொழிலாளியை, துப்புரவுப் பணியாளரை, வீட்டு வேலை செய்யும் அம்மாவை ஒருமையில் அழைக்கிறேனா? வீட்டில் வேலை செய்பவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? கடைசியாக யாரிடம் "தப்பு என்னுடையது" என்று, "ஆனால்" சேர்க்காமல் சொன்னேன்? திருவிழா நோட்டீஸில் என் பெயர் விடுபட்டபோது என்ன செய்தேன்? கோயிலுக்குக் கொடுத்த மின்விசிறியில் என் பெயர் எழுதியே ஆகவேண்டுமா? மருமகளின் சமையலை, தம்பியின் சம்பாத்தியத்தை எத்தனை முறை நாலு பேர் முன் இறக்கிப் பேசினேன்?

பாவத்தைச் சொல்லும்போது கதை வேண்டாம். என்ன செய்தேன், ஏறக்குறைய எத்தனை முறை, அவ்வளவுதான். மற்றவரின் குற்றத்தை விளக்கத் தொடங்கினால் அது அவருடைய பாவசங்கீர்த்தனம் ஆகிவிடும்.

குழுவாகப் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 25 பேருக்கு ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். ஒரே அருள்தந்தை என்றால் மாலை நற்கருணை ஆராதனை தள்ளிப்போகும், கடைசி ஆட்கள் அவசரப்படுத்தப்படுவார்கள். இரண்டாவது குருவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அல்லது முதல் நாள் மாலையிலேயே பாதிப்பேரை முடித்துவிடுங்கள்.

குழுவுக்கு: அடுப்படிதான் வகுப்பறை

இல்லத்தார் அனுமதித்தால் பாத்திரம் கழுவுவது, மேசை துடைப்பது, கழிவறை சுத்தம் செய்வது மூன்றையும் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். விருப்பம் கேட்டுப் பிரித்தால் பெண்கள் எல்லாரும் அடுப்படிக்கும் ஆண்கள் எல்லாரும் நாற்காலி அடுக்கவும் போய்விடுவார்கள். சீட்டு யாரையும் விடாது: அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளர், பங்குப் பேரவை உறுப்பினர், தலைமையாசிரியர் எல்லாரும் அதற்குள் வருவார்கள். புகைப்படம் கிடையாது. பேசாமல் செய்வது, முடித்ததும் யாரும் நன்றி அறிவிக்காமல் இருப்பது, இரண்டும் சேர்ந்தால்தான் பயிற்சி. குழுவினர் ஒருவருக்கொருவர் பாதம் கழுவும் சடங்கை வைக்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை. அழகாக இருக்கும், எல்லாரும் அழுவார்கள். ஆனால் சாம்பார் அண்டாவைத் தேய்ப்பதில் நடக்கும் வேலை அதில் நடப்பதில்லை.

வழக்கமாகக் கெடுவது எங்கே

இரண்டாம் நாள் காலை. முதல் நாளின் இனிமை போய்விட்டிருக்கும், ஊருக்குப் போய்விடலாமா என்று தோன்றும். அப்போது எந்த முடிவையும் மாற்றாதீர்கள். மனம் வறண்டிருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது ஆன்மீகத்தில் பழைய விதி. அருள்தந்தையிடம் சொல்லுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், நடந்துவிட்டு வாருங்கள்.

உபவாசத்தை அளவுக்கு மீறிச் சேர்ப்பது இன்னொன்று. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள் உபவாசம் இருக்கக்கூடாது. பேச்சை விடுவதே அவர்களுக்குப் போதுமான ஒறுத்தல். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களும் மனநல சிகிச்சையில் இருப்பவர்களும் வருமுன்பே வழிநடத்துபவரிடம் சொல்லிவிட வேண்டும், மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. இவர்களுக்கு நீண்ட அமைதியைவிடப் பாதி நாள் அமைதியும் தினம் ஒரு உரையாடலும் பாதுகாப்பு.

பக்கத்து அறைக்காரர் சிற்றாலயத்தில் இரவு பன்னிரண்டு வரை இருக்கிறாரே என்று ஒப்பிடுவதும் வரும். தாழ்ச்சி தியானத்தில் வரும் சோதனை தாழ்ச்சியில் போட்டி போடுவதாகத்தான் இருக்கும். உங்கள் நேரம் முடிந்ததும் போய்த் தூங்குங்கள்.

ஒரே தீர்மானம்

மூன்றாம் நாள் காலை எழுதுவது ஒரே ஒரு தீர்மானம். "இனி தாழ்ச்சியோடு இருப்பேன்" என்பது தீர்மானம் ஆகாது, நாளை மறுநாளே ஆவியாகிவிடும். அது சிறியதாக, நேரமும் ஆளும் குறித்ததாக, யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லாததாக இருக்கவேண்டும். சில மாதிரிகள்: பட்டறையில் முருகேசனை, கந்தனை, யாராக இருந்தாலும் மூத்தவரை "வாங்க, போங்க" என்று அழைப்பது. இரவு சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பது. மனைவி பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பது. அன்பியக் கூட்டத்தில் கடைசியாகப் பேசுவது. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 24 வயதில் கார்மேல் மடத்துக்குள்ளேயே இறந்தவர். அவர் சென்ற சிறு வழி இந்த அளவுள்ள செயல்களால் ஆனது. 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக (திருச்சபைக்கே போதகராக) அறிவித்தது.

இறங்கி வந்த அன்று இரவிலிருந்து முப்பது நாள், படுக்குமுன் பத்து நிமிடம் ஆன்ம சோதனை. நன்றி சொல்லுங்கள், ஒளி கேளுங்கள், காலையிலிருந்து இரவு வரை அன்றைய நாளை ஓட்டிப் பாருங்கள், தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், நாளைக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்று பார்த்து உதவி கேளுங்கள். தீர்மானத்துக்கென நோட்டில் தேதி போட்டு, மதியத்துக்கு ஒரு வரி, இரவுக்கு ஒரு வரி என்று பிரித்து, தவறிய தடவைகளைப் புள்ளியாக வையுங்கள். புள்ளி குறைகிறதா என்பதைவிட எந்த நேரத்தில், யார் முன் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை மாலையிலா, மாமனார் வந்த நாளிலா, பசியிலா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் முழுதாக விட்டுப்போகும். விட்ட நாளை ஈடுகட்ட அடுத்த நாள் இருபது நிமிடம் உட்காராதீர்கள். விட்ட தேதியை வெற்றாக விட்டு, அன்றைய பத்து நிமிடத்தைச் செய்யுங்கள்.

மலைக்குப் போகவே முடியாதவர்கள் இதே வரிசையைச் சேலத்திலேயே செய்யலாம். ஒரு பகுதிக்கு ஒரு நாள் வீதம் எடுத்து, காலையில் 45 நிமிடம். வீட்டில் இடமில்லையென்றால் திருப்பலிக்குப் பின் பங்குக் கோயிலிலோ நற்கருணைச் சிற்றாலயத்திலோ உட்காரலாம். வாரத்துக்கு ஒருமுறை வழிநடத்துபவரைச் சந்தித்தால் போதும். வேலையை விடாமல் பயிற்சி செய்யும் இந்த முறைக்கும் இஞ்ஞாசியார் தம் பத்தொன்பதாம் குறிப்பில் இடம் கொடுத்திருக்கிறார்.

முப்பது நாள் முடிந்ததும் நோட்டோடு அருள்தந்தையைப் பாருங்கள். தீர்மானம் பழக்கமாகிவிட்டிருந்தால் அடுத்ததை எடுக்கலாம். பாதிதான் நின்றிருந்தால் அதையே இன்னும் சிறிதாக்கித் தொடருங்கள். புள்ளிகள் அதிகம் விழுந்த பக்கத்தை மடித்து வையுங்கள். அடுத்த ஆண்டு தியானத்தின் முதல் சந்திப்பில் பேசவேண்டியது அதுதான்.